புகார் நோட்டு காலியானால் கவலைப்படுங்கள்

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் பராமரிப்பை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மாதம் புகார் எண்ணிக்கை 64. அடுத்த மாதம் 11. மாதாந்திரக் கூட்டத்தில் அந்த 11-ஐச் சொன்னதும் எல்லோர் முகத்திலும் மகிழ்ச்சி. எனக்கும்தான். இடையில் மாறியது ஒன்றே ஒன்று: ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு விதி சேர்த்திருந்தோம். மாதத்துக்கு 40 புகாருக்கு மேல் வந்தால் கான்ட்ராக்டரின் பில்லில் பிடித்தம்.

பத்து நாள் கழித்து இரண்டாம் மாடி வார்டில் ரவுண்ட்ஸ் போனேன். நோயாளிக்குத் துணையாக இருந்த ஓமலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். "ஏங் கண்ணு, நாலு நாளா பாத்ரூம் குழாய் ஒழுகிட்டே கெடக்குது. எழுதிப் போடலாம்னா நோட்டையே தர மாட்டேங்கறாங்க" என்றார். போய்ப் பார்த்தால் நோட்டு சூப்பர்வைசரின் டிராயருக்குள் பூட்டிக் கிடக்கிறது. அவர் நல்ல வேலைக்காரர். தன்னோடு வேலை செய்யும் இருபது பேரின் சம்பளம் அந்தப் பில்லிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தவர். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த விதியை எழுதிய அன்று நானும் உடன் உட்கார்ந்திருந்தேன், சரி என்று சொல்லியிருந்தேன்.

இந்த வேலையில் எனக்கு 19 வருடம் ஆகிறது. ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். இன்று சேலத்தில் ஒரு மருத்துவமனை, ஒரு கல்லூரி விடுதி, ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதி என்று மூன்று இடங்களின் பராமரிப்பு என் பொறுப்பு. 'வேலை எப்படி நடக்கிறது என்று அளந்து காட்டுங்கள்' என்று நிர்வாகம் கேட்கும்போது புதிதாக இந்தப் பொறுப்புக்கு வருகிறவர்கள் திணறிப்போவதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அளக்க விடாமல் தடுப்பவை என்னென்ன, அவற்றை எந்த வரிசையில் விலக்கலாம் என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

முதல் தடை இந்த வேலையின் இயல்பிலேயே இருக்கிறது. நம் வேலை ஒழுங்காக நடந்தால் கட்டடத்தில் எதுவுமே நடக்காது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும், யாரும் நம்மை நினைக்க மாட்டார்கள். நடக்காமல் போன ஒன்றை எப்படி எண்ணுவது? அதனால்தான் பலரும் எண்ணுவதற்கு எளிதான ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள்: ஆள் கணக்கு. காலை ஷிப்டுக்கு 12 பேர், மாலைக்கு 8, இரவுக்கு 4. வருகைப் பதிவேடு சரியாக இருந்தால் பில் பாஸ். ஆனால் 12 பேர் வந்தார்கள் என்பது வேலை நடந்ததற்குச் சான்று இல்லை. ஒருவர் விடுப்பு எடுத்தாலும் மீதிப் பேர் மூன்று மாடியையும் பளிச்சென்று வைத்திருக்கலாம். எல்லோரும் வந்தும் வார்டு நாறலாம். ஒப்பந்தமே ஆள் கணக்கில் போட்டிருந்தால் அதை ஒரே நாளில் மாற்ற முடியாது. அதன் பக்கத்தில் வேறு சில அளவுகளை வைக்கத் தொடங்கலாம்.

எந்த அளவுகள்? உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதாதீர்கள். ஒரு வாரம் வெறும் தாளோடு கட்டடத்தைச் சுற்றுங்கள். அங்கே இருப்பவர்களிடம் 'பராமரிப்பு எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'பரவாயில்லைங்க' என்றுதான் பதில் வரும். 'போன வாரம் எது உங்களைச் சிரமப்படுத்தியது?' என்று கேளுங்கள். மருத்துவமனையில் நர்சுகள் சொன்னது ஈரத் தரையும் லிஃப்ட்டும். கல்லூரி விடுதியில் பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னது காலை 6 மணி முதல் 8 மணி வரை தண்ணீர். மற்ற நேரம் வராவிட்டால் பொறுத்துக்கொள்வார்களாம். ஏற்காட்டில் விருந்தினர்களுக்கு வேண்டியது வெந்நீரும் கரண்டும். மூன்று இடங்களுக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது என்பது அந்த ஒரு வாரத்திலேயே தெரிந்துவிடும். ஓர் இடத்துக்கு ஆறு அல்லது ஏழு அளவு போதும். நான் ஒருமுறை 43 அளவுகள் வைத்திருந்தேன். அவற்றை நிரப்பவே ஓர் ஆளின் அரை நாள் போனது, யாரும் படிக்கவும் இல்லை.

அளவைத் தேர்ந்தெடுத்ததும் வருகிற சண்டை நேரக் கணக்கு. 'இரண்டு மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும்' என்று ஒப்பந்தம் சொல்லும். எப்போதிருந்து இரண்டு மணி நேரம்? குழாய் உடைந்த நேரத்திலிருந்தா, நோட்டில் எழுதிய நேரத்திலிருந்தா, பிளம்பர் பார்த்த நேரத்திலிருந்தா? முடிந்தது என்று யார் சொல்ல வேண்டும்? லிஃப்ட் ஆள் வந்து பேனலைத் திறந்து பார்த்துவிட்டு, பொருள் வரவேண்டும் என்று சொல்லிப் போனால் அது 'வந்த நேரம்' மட்டும்தான், 'முடிந்த நேரம்' ஆகாது. இரண்டையும் தனித்தனிக் கட்டங்களில் எழுதுங்கள். முடிந்த நேரத்தைப் புகார் சொன்னவரே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். இந்த ஒரு மாற்றத்துக்கே எங்கள் இடத்தில் இரண்டு மாதம் வாதாட வேண்டியிருந்தது.

சதவீதத்தைக் கண்டு மயங்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 30 நாள் மாதத்தில் 720 மணி நேரம். லிஃப்ட் 99 சதவீதம் ஓடியது என்றால் 7 மணி 12 நிமிடம் நின்றிருக்கிறது என்று அர்த்தம். அந்த 7 மணி நேரமும் நள்ளிரவில் போயிருந்தால் யாருக்கும் பெரிய தொல்லை இல்லை. காலையில் ஆபரேஷன் தியேட்டருக்கு ஆட்களைக் கொண்டுபோகும் நேரத்தில் போயிருந்தால், ஸ்ட்ரெச்சரைப் படியில் தூக்கிப் போயிருப்பார்கள். அதனால் நாங்கள் சதவீதத்தோடு 'காலை 7 முதல் 11 வரை எத்தனை தடவை நின்றது' என்பதையும் எழுதுகிறோம். ஈபி மாதாந்திரப் பராமரிப்புக்காக முன்கூட்டியே அறிவித்து நிறுத்தும் நாளையும் தனியாகக் குறிக்க வேண்டும். அன்று கரண்ட் போனது நம் கணக்கில் வராது. ஆனால் அன்று ஜெனரேட்டர் எத்தனை விநாடியில் எடுத்தது, டீசல் இருந்ததா என்பது நம் கணக்கு.

சுத்தம்தான் அளப்பதற்கு மிகக் கடினம். ஒருவர் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவது இன்னொருவருக்கு அழுக்கு. பாத்ரூம் கதவுக்குப் பின்னால் ஒரு செக்லிஸ்ட் தொங்கும், பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு கையெழுத்து. அதை உற்றுப் பாருங்கள். எட்டுக் கட்டமும் ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு என்றால் எட்டும் ஒரே நேரத்தில் போட்டது. அந்தத் தாளைக் கூட்டி மதிப்பெண் போட்டால் கையெழுத்தைத்தான் அளக்கிறீர்கள், சுத்தத்தை இல்லை.

நான் செய்வது இது. 'சுத்தமாக இருக்கிறதா?' என்ற கேள்வியை எடுத்துவிட்டு, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய ஐந்து கேள்விகளாக உடைத்தேன். தரை காய்ந்திருக்கிறதா? சோப்பு இருக்கிறதா? குப்பைக்கூடை நிரம்பி வழிகிறதா? கதவுக்குப் பின் மூலையில் விரலால் தடவினால் அழுக்கு ஒட்டுகிறதா? உள்ளே நுழைந்ததும் நாற்றம் வருகிறதா? அப்புறம் இரண்டு பேர், ஒருவர் நம் ஆள், ஒருவர் மருத்துவமனை ஆள், அதே பத்து அறைகளைத் தனித்தனியாகப் பார்த்து எழுதினார்கள். முதல் தடவை இருவரும் ஒத்துப்போனது 10-க்கு 5 அறைகளில்தான். உட்கார்ந்து பேசினோம், 'காய்ந்திருப்பது' என்றால் என்ன, கால் வைத்தால் தடம் பதியக் கூடாது என்று முடிவு செய்தோம். மூன்றாவது வாரம் 9 அறைகளில் ஒத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் அந்த மதிப்பெண்ணைக் கூட்டத்தில் வைத்தேன். பார்ப்பவர்கள் ஒத்துப்போகாத அளவை யாருடைய சம்பளத்தோடும் சேர்க்காதீர்கள், அது அநியாயம்.

பார்க்கும் நேரமும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். தினமும் காலை 10 மணிக்குச் சோதனை என்றால் 9.45-க்கு எல்லாம் மின்னும். நேரங்களைச் சீட்டில் எழுதி டப்பாவில் போட்டு எடுக்கிறோம். மாலை 4 மணிச் சீட்டு வந்த நாள்களில்தான், பார்வையாளர் நேரத்துக்கு முன் மூன்றாம் மாடி எப்போதும் மோசமாக இருப்பது தெரிந்தது. அந்த மாடியைப் பார்க்கும் அக்காவின் மதிப்பெண் மூன்று மாதமாகக் குறைவு. மாற்றிவிடலாம் என்று பேச்சு வந்தது. நான் ஒரு மதியம் முழுக்க அவரோடு நடந்தேன். அந்த மாடியில் துடைப்பவர்களுக்கென்று குழாயே இல்லை. ஒவ்வொரு வாளியையும் இரண்டாம் மாடியிலிருந்து தூக்கி வருகிறார். மாப் துணி இரண்டுதான், ஒன்று காய்வதற்குள் அடுத்ததும் அழுக்காகிவிடும். குழாய் ஒன்று போட்டுக் கொடுத்து, துணி ஆறு வாங்கித் தந்தோம். அடுத்த மாதம் அவர் மாடிதான் முதலில். நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. மூன்று மாதமாக நாங்கள் கட்டடத்தின் குறையை அளந்து அந்த அக்காவின் பெயரில் எழுதியிருக்கிறோம்.

கருவி வைத்து அளப்பவை சுலபம், அவற்றில் தயங்க வேண்டாம். குடிதண்ணீரில் மீதமிருக்கும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500. சம்ப்பில் பார்த்தால் போதாது, கடைசி மாடிக் கடைசிக் குழாயில் பாருங்கள். மொத்தக் கரைந்த உப்பு (டிடிஎஸ்) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீருக்கு வழி இல்லாவிட்டால் 2000 வரை அனுமதி. சேலத்தில் மேட்டூர்த் தண்ணீர் வராத நாள்களில் போர் தண்ணீரைக் கலப்பதால் டிடிஎஸ் மீட்டரில் எண் ஏறுவது உடனே தெரியும். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், காற்று ஊதும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் உருளையில் பிடித்து 30 நிமிடம் அசையாமல் வையுங்கள், சேறு எத்தனை மில்லி வரை படிகிறது என்று தினமும் எழுதுங்கள். நிலையத்தை இயக்குபவர் எவ்வளவு படித்தவர் என்பது இதற்குத் தேவையே இல்லை. எண் திடீரென மாறினால் அன்றே தெரிந்துவிடும்.

இனி ஏற்காடு. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அட்டவணை வரும்: ஒரு சாப்பாட்டுக்கு எவ்வளவு கேஸ், ஒரு அறைக்கு எவ்வளவு டீசல், ஒரு கிலோ துணி துவைக்க எவ்வளவு செலவு. சேலம் பச்சையில், ஏற்காடு சிவப்பில் இருக்கும். மலை விடுதி மேனேஜர் அதைப் பார்த்து வாடிப்போவார். அவர் தவறு செய்யவில்லை. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரம் பிடிக்கும், கேஸ் கூடுதலாக ஆகும். குழாயில் வரும் தண்ணீரே குளிர்ந்திருப்பதால் வெந்நீருக்குக் கரண்டு அதிகம். காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத டீசல் ஜெனரேட்டர் தன் முழுச் சக்தியைத் தராது. மழை நாளிலும் பனிமூட்டத்திலும் படுக்கை விரிப்பு வெயிலில் காயவே காயாது, டிரையரில்தான் போட வேண்டும்.

அதனால் ஏற்காட்டைச் சேலத்தோடு ஒப்பிடாதீர்கள். ஏற்காட்டின் இந்த நவம்பரை ஏற்காட்டின் போன நவம்பரோடு ஒப்பிடுங்கள். அதிலும் மொத்தச் செலவைப் பார்க்காமல், ஆள் தங்கிய அறைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். மே மாதம் கோடை விழாவுக்கும் மலர்க் கண்காட்சிக்கும் அறைகள் நிரம்பி வழியும். ஜூலையில் பாதி காலி. வகுக்காமல் பார்த்தால் மே மாதம் வீண்செலவு மாதிரியும் ஜூலை சிக்கனம் மாதிரியும் தெரியும். வகுத்தால் பல தடவை தலைகீழாக இருக்கும். காலி அறைகளிலும் கீசர் ஓடிக்கொண்டிருந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தோம்.

வருகை நேரத்திலும் இதே நியாயம் வேண்டும். சேலத்திலிருந்து மெக்கானிக் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரவேண்டும். சேலத்துக்கு எழுதிய இரண்டு மணி நேரத்தையே ஏற்காட்டுக்கும் எழுதினால், மூடுபனியில் அவரை வேகமாக வண்டி ஓட்டச் சொல்கிறோம் என்று அர்த்தம். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மலைக்கு நேரத்தைக் கூட்டி எழுதிவிட்டு, அதற்குப் பதிலாக வேறொன்றைக் கேளுங்கள்: எந்தெந்த உதிரிப் பொருள் மேலேயே இருப்பில் இருக்க வேண்டும், மேலேயே இருக்கும் எலக்ட்ரீஷியன் எந்தெந்த ரிப்பேரைத் தானே செய்யத் தெரிந்திருக்க வேண்டும். அவற்றை அளக்கலாம். ஆனால் இந்தச் சலுகையெல்லாம் ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். மாதக் கடைசியில் வந்து 'மலைங்க, அப்படித்தான்' என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

இப்போது மறுபடி பணத்துக்கும் பயத்துக்கும் வருகிறேன். சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டன் பொருளியலாளர் 1975-இல் பணக் கொள்கையைப் பற்றி ஒன்று சொன்னார். ஒரு புள்ளிவிவரத்தைக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்தத் தொடங்கினால் அதில் அதுவரை இருந்த ஒழுங்கு குலைந்துவிடும் என்பது அதன் சாரம். எங்கள் புகார் நோட்டில் நடந்தது அதுதான். 64 என்பது கட்டடத்தின் நிலைமையைச் சொன்ன எண். பிடித்தத்தோடு சேர்த்ததும் அது டிராயர் பூட்டைச் சொல்லும் எண் ஆகிவிட்டது.

நாங்கள் அந்த விதியை எடுத்துவிட்டு நான்கை வைத்தோம். புகார் எண்ணிக்கைக்குப் பிடித்தமே கிடையாது. ஒரே இடத்தில் ஒரே பழுது 30 நாளுக்குள் திரும்ப வந்தால் மட்டும் பிடித்தம், ஏனென்றால் அது முதல் தடவை சரியாகச் செய்யாததைக் காட்டுகிறது. நோட்டில் ஏறாத புகாரை ரவுண்ட்ஸில் நாமே கண்டுபிடித்தால் அது தனிக் கணக்கு. புகாரை ஊழியர்களே முதலில் எழுதினால் அதற்குப் பாராட்டு. நோட்டை டிராயரிலிருந்து எடுத்து, நர்ஸ் மேசைக்கு வெளியே குடிதண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். அடுத்த மாதம் 78 வந்தது. நிர்வாக இயக்குநர் அதிர்ந்துபோய்க் கூப்பிட்டார். திரும்ப வந்த பழுது 19-லிருந்து 7 ஆகியிருந்ததைக் காட்டினேன். மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கிறேன் என்றார், பொறுத்தார். அதற்கு நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். எண் ஏறும்போது பொறுத்துக்கொள்ளும் நிர்வாகம் இல்லாவிட்டால் இங்கே நான் எழுதுவது எதுவும் நடக்காது. வேலையைத் தொடங்கும் முன்பே அவர்களிடம் 'முதலில் எண் மோசமாகும்' என்று சொல்லி வையுங்கள்.

இன்னொரு தடையைப் பலரும் பேசத் தயங்குகிறார்கள்: தாமதத்தில் நிர்வாகத்தின் பங்கு. மோட்டார் எரிந்துபோய் ஒன்பது நாள் ஆகிறது. கொட்டேஷன் கொடுத்து எட்டு நாள், கையெழுத்து வரவில்லை. அந்த ஒன்பது நாளும் கான்ட்ராக்டர் கணக்கில் ஏறினால் அவர் அளவையே வெறுத்துவிடுவார். ஒவ்வொரு தாமதத்துக்கும் மூன்று கட்டம் வையுங்கள்: நம் கையில் எத்தனை நாள், நிர்வாகத்தின் கையில் எத்தனை நாள், ஈபி அல்லது மாநகராட்சி மாதிரி வெளியே எத்தனை நாள். இதைக் கோபமாக வைக்காமல் மற்ற எண்களோடு எண்ணாக வையுங்கள். கான்ட்ராக்டரின் பில் எத்தனை நாளில் பட்டுவாடா ஆனது, அந்த மாதம் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்ற இரண்டு வரிகளையும் அதே தாளில் சேருங்கள். பணம் 60 நாள் இழுத்தால் சம்பளம் தள்ளிப்போகும், பழகிய அக்காக்கள் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்விடுவார்கள், புதியவர்கள் வருவார்கள், சுத்தத்தின் மதிப்பெண் விழும். இந்தச் சங்கிலியை ஒரே தாளில் பார்த்த பிறகுதான் எங்கள் கணக்குப் பிரிவு பில்லை 30 நாளுக்குள் அனுப்பத் தொடங்கியது.

மென்பொருள் வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வாங்கலாம், ஆறு மாதம் நோட்டில் ஓட்டிய பிறகு. முதலில் மோட்டார், வால்வு, பேனல், ஏசி எல்லாவற்றிலும் பெயின்டால் ஒரு எண் எழுதுங்கள். எங்கள் விடுதியில் எண் எழுதப் போனபோதுதான் எந்த சம்ப்பிலிருந்து எந்த டேங்குக்குத் தண்ணீர் போகிறது என்பது ஒரே ஒரு பிளம்பர் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும் என்பது தெரியவந்தது. எண் இல்லாத பொருளின் பழுதை எண்ணவும் முடியாது. நம் வேலைக்கு, அதாவது வசதி மேலாண்மைக்கென்று ஐஎஸ்ஓ 41001 என்ற சர்வதேசத் தரநிலை 2018-இல் வந்தது. பெரிய நிறுவனங்கள் அதைப் பின்பற்றுகின்றன. ஆனால் பெயின்ட் டப்பாவோடு மொட்டை மாடிக்கு ஏறாமல் அந்த இடத்துக்குப் போக முடியாது.

மாதக் கூட்டத்தில் சூப்பர்வைசர் மட்டும் வந்தால் போதாது. மாடிக்கு ஒரு அக்கா, பிளம்பர், செக்யூரிட்டி என்று எல்லாத் தரப்பிலும் ஒருவர் வரட்டும். அவர்களை நிற்கவைக்காமல் உட்காரச் சொல்லுங்கள், டீ கொடுங்கள், எண்ணைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். அரை மணி நேரம் போதும். கேள்வி அவர்களிடமிருந்து வர ஒன்றிரண்டு மாதம் ஆகும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கான்ட்ராக்டர் மாறும்போது நோட்டுகளும் எக்செல் தாள்களும் அவரோடு போய்விடுகின்றன. புதியவர் வந்ததும் எல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், போன வருட நவம்பர் எங்கே என்று கேட்டால் யாரிடமும் இருக்காது. ஒப்பந்தத்தில் ஒரு வரி போடுங்கள்: எல்லாப் பதிவேடும் கட்டடத்துக்குச் சொந்தம். மாதம் முடிந்ததும் ஒரு நகல் நிர்வாக அலுவலகத்தில் இருக்கட்டும். புதுப்பிக்கும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே எல்லாவற்றையும் வாங்கி அடுக்கி, அட்டையில் வருடமும் கட்டடத்தின் பெயரும் எழுதி அலமாரியில் வைத்துவிடுங்கள். அந்த அலமாரியைப் பூட்ட வேண்டாம்.